‘கீழ்ப்பாக்கத்துல விட்டுடுவேன்’: இந்த மிரட்டலுக்குப் பின்னால் இருக்கும் கையெழுத்து யாருடையது?

“வாயை மூடிக்கிட்டு இருக்கியா, இல்ல கீழ்ப்பாக்கத்துல கொண்டுபோய் விட்டுடட்டுமா?” இந்த வசனத்தைக் கேட்காத ஆள் வட தமிழ்நாட்டில் குறைவு. சென்னையின் அடுக்குமாடிகளில் கேட்கிற அதே வசனம்தான் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தின் தறி வீடுகளிலும் கேட்கிறது. ஒரு நண்பன் இன்னொரு நண்பனிடம் சொன்னால் அது கிண்டல். கணவன் மனைவியிடம் சொல்லும்போது அது வெறும் கிண்டலாக இருப்பதில்லை. அதற்குப் பின்னால் நூற்றைம்பது ஆண்டுக்கு மேற்பட்ட சட்டமும் காகிதமும் கையெழுத்தும் இருக்கின்றன.

புத்தி தெளிவாக இருந்த பெண்களை ‘பைத்தியம்’ என்று சொல்லி அடைத்துவைத்த கதைகள் இப்போது உலகம் முழுக்க வரலாற்றுப் புனைவுகளாக வந்துகொண்டிருக்கின்றன. 19-ம் நூற்றாண்டு பாரிஸின் சல்பெத்ரியேர் மருத்துவமனையைக் களமாகக் கொண்டு பிரெஞ்சு எழுத்தாளர் விக்டோரியா மாஸ் 2019-ல் எழுதிய நாவல், 2021-ல் படமாகி ஓடிடியிலும் வந்தது. பார்க்கிறவர்கள் கண் கலங்குகிறார்கள். கடைசியில், “அந்தக் காலத்துல எவ்வளவு கொடுமை!” என்று பெருமூச்சு விட்டுவிட்டு எழுந்து போகிறார்கள்.

சிக்கல் அந்தப் பெருமூச்சில்தான் இருக்கிறது. இந்தக் கதைகளைப் படித்துவிட்டு ‘அந்தக் காலம்’ என்று மூடிவைக்க முடியாது. அப்போது நடந்ததற்குக் காரணமான ஏற்பாடு இன்னும் முழுசாகப் போகவில்லை.

சிவகாமியும் மற்றவர்களும்

காஞ்சிக்கும் வரலாற்று நாவலுக்கும் நெருங்கிய உறவு உண்டு. 1944 முதல் 1946 வரை கல்கி எழுதிய ‘சிவகாமியின் சபதம்’ காஞ்சி வாசகர்களுக்குத் தங்கள் ஊர்க் கதை. அதன் நடுப்பகுதியே சிறைப்பட்ட ஒரு பெண்ணின் கதைதான். காஞ்சியிலிருந்து வாதாபிக்குக் கொண்டுசெல்லப்பட்ட சிவகாமி, தன்னை மீட்க வரும் நாளுக்காகக் காத்திருக்கிறாள்.

அங்கே சிறைப்பிடித்தவன் எதிரி நாட்டு மன்னன். அதனால் யார் பக்கம் நிற்பது என்பதில் வாசகருக்குக் குழப்பமே இல்லை. ஆனால், சிறைப்பிடித்தவர் கணவராகவோ அண்ணனாகவோ பெற்ற மகனாகவோ இருந்தால்? மீட்கப் படை வராது. ஊரும், “பாவம், அந்த மனுஷன் எவ்வளவு காலம்தான் பொறுத்துக்குவாரு” என்று சிறைப்பிடித்தவர் மேல்தான் இரக்கப்படும். மனநலக் காப்பகங்களில் அடைக்கப்பட்ட பெண்களின் கதை இந்த இரண்டாவது வகை.

நாவலாசிரியரே செய்த காரியம்

இதற்கு நாவலைவிட அழுத்தமான ஒரு நிஜக் கதை உண்டு. அது இந்தியாவைத் தொட்டுச் செல்லும் கதையும்கூட.

எட்வர்ட் புல்வர் லிட்டன் 19-ம் நூற்றாண்டு இங்கிலாந்தின் புகழ்பெற்ற வரலாற்று நாவலாசிரியர். எரிமலையில் புதைந்த பாம்பேய் நகரின் கடைசி நாட்களை நாவலாக எழுதியவர் அவர்தான். அரசியல்வாதியாகவும் இருந்தார். 1858-ல் குடியேற்ற நாடுகளுக்கான அமைச்சரானார். அந்த ஜூன் மாதம் ஹெர்ட்ஃபோர்ட் தேர்தல் மேடைக்கு, பல ஆண்டுகளாகப் பிரிந்து வாழ்ந்த அவருடைய மனைவி ரோசினா வந்து நின்றார். கூட்டத்தின் முன்னால் கணவர் தனக்குச் செய்ததையெல்லாம் போட்டு உடைத்தார்.

சில நாட்களில் ரோசினா லண்டனை அடுத்த ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் இருந்தார். அதற்குக் கணவர் தரப்பின் கோரிக்கையும் இரண்டு மருத்துவர்களின் சான்றிதழும் போதுமானதாக இருந்தது. பத்திரிகைகள் கொதித்தெழுந்ததால் சுமார் மூன்று வாரத்தில் அவர் விடுவிக்கப்பட்டார். அடுத்த ஆண்டு தொடராக வெளிவரத் தொடங்கிய வில்கி காலின்ஸின் ‘வெள்ளை உடைப் பெண்’ நாவலிலும் சொத்துக்காக ஒரு பெண் காப்பகத்தில் அடைக்கப்படுகிறாள்.

விடுதலையான ரோசினாவை வெளிநாட்டுக்கு அழைத்துச் சென்றவர் அவருடைய மகன் ராபர்ட். தமிழ் வாசகர்களுக்கு அவர் வேறு பெயரில் பழக்கமானவர். 1876-ல் இந்தியாவின் வைஸ்ராயாக வந்த லிட்டன் பிரபு அவர்தான். சென்னை மாகாணம் தாது வருஷப் பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்தபோது டெல்லியில் தர்பார் நடத்தியவர். பத்திரிகைகள் கத்தியதால்தான் தாய் வெளியே வந்தார். மகனோ 1878-ல் இந்திய மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டச் சட்டம் போட்டார்.

ரோசினா ஓர் அமைச்சரின் மனைவி, எழுதத் தெரிந்தவர், பத்திரிகைகளுக்குத் தெரிந்த முகம். அதனால் மூன்று வாரத்தில் வெளியே வந்தார். அந்த வசதி எல்லோருக்கும் இருக்கவில்லை. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1860-ல் எலிசபெத் பக்கார்டு என்ற பெண்ணை, பாதிரியாரான அவர் கணவர் காப்பகத்தில் சேர்த்தார். கணவரின் மதக் கருத்துகளை எலிசபெத் ஏற்காமல் எதிர்த்துப் பேசினார் என்பதுதான் விஷயம். மனைவியைச் சேர்க்கக் கணவர் பொது விசாரணையைச் சந்திக்கத் தேவையில்லை என்று அந்த மாநிலச் சட்டமே சொன்னது. எலிசபெத் மூன்று ஆண்டுகள் உள்ளே கிடந்தார். பிறகு நீதிமன்றத்தில் வழக்கு நடந்தபோது, அவர் புத்தி தெளிவானவர் என்று முடிவு செய்ய ஜூரிகளுக்குத் தேவைப்பட்டது ஏழே நிமிடம்.

மூன்று ஆண்டு உள்ளே, ஏழு நிமிடத்தில் தீர்ப்பு. அந்த மூன்று ஆண்டில் யாராவது ஒருவர் உட்கார்ந்து அவரிடம் கேட்டிருந்தால் போதும். யாரும் கேட்கவில்லை.

கீழ்ப்பாக்கம் எப்படி வந்தது?

ரோசினா அடைக்கப்பட்ட அதே 1858-ல்தான் இந்தியாவிலும் ஆங்கிலேய அரசு மனநலக் காப்பகங்களுக்கான சட்டத்தைக் கொண்டுவந்தது. சென்னையில் அதற்கு முன்பே காப்பகம் இருந்தது. 1794-ல் வாலண்டைன் கனோலி என்ற மருத்துவர் தொடங்கியது அது. 1871-ல் கீழ்ப்பாக்கத்தில் லோகாக் தோட்டம் என்ற இடத்தில் புதிய காப்பகம் திறக்கப்பட்டது. 1922-ல் அது ‘அரசு மனநல மருத்துவமனை’ ஆனது. ஒரு பேட்டையின் பெயர் தமிழில் வசவாக மாறிய கதை இதுதான்.

1912-ல் வந்த இந்தியப் பித்தர் சட்டம் நடைமுறையைத் தெளிவாக்கியது. கணவனோ மனைவியோ உறவினரோ மாஜிஸ்திரேட்டிடம் மனு கொடுக்க வேண்டும், கூடவே இரண்டு மருத்துவச் சான்றிதழ். இந்தச் சட்டம் சுதந்திரத்துக்குப் பிறகும் பல பத்தாண்டுகள் நடைமுறையில் இருந்தது. அதற்குப் பதிலாக வந்த 1987-ம் ஆண்டுச் சட்டம் 1993-ல்தான் அமலானது. அது சில விஷயங்களில் நல்ல சட்டம். ஆனால், உறவினரோ நண்பரோ விண்ணப்பித்து, இரண்டு மருத்துவச் சான்றிதழ் இருந்தால், நீதிபதியிடம் போகாமலேயே ஒருவரை 90 நாள் வரை உள்ளே வைக்கலாம் என்ற வாசல் அதிலும் இருந்தது. சம்பந்தப்பட்டவரின் சம்மதம் அதற்குத் தேவையில்லை.

சட்டத்தின் பெயரும் ஆண்டும் மாறினாலும் அடிப்படை ஒன்றாகவே இருந்தது. கையெழுத்து போடுகிறவர் ஒருவர், உள்ளே போகிறவர் இன்னொருவர்.

பின்கட்டு அறை என்ற காப்பகம்

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆங்கிலேயர் காலத்து இந்தியக் காப்பகங்களில் பெண்களைவிட ஆண்கள்தான் மிக அதிகம். வீதியில் திரிந்தவர்களையும் கலகம் செய்தவர்களையும் போலீஸ் பிடித்துச் சேர்த்ததுதான் முக்கியக் காரணம். அப்படியென்றால் நம் ஊர்ப் பெண்கள் தப்பித்தார்கள் என்று அர்த்தமா?

பெண்ணை வெளியே அனுப்பினால் குடும்ப மானம் போய்விடும். தங்கச்சிக்கு வரன் வராது. அதனால், வீட்டின் பின்கட்டு அறையே காப்பகம் ஆனது. ‘ஜேன் ஐர்’ நாவலில் (1847) கணவன் வீட்டு மாடியில் பூட்டப்பட்ட ஜமைக்கா மனைவியை ஜீன் ரைஸ் 1966-ல் கதைநாயகி ஆக்கினார். அதற்கு முன் அந்தப் பெண்ணுக்கு என்ன ஆனது என்று கேட்டவர்கள் குறைவு. தமிழ் வீடுகளின் பின்கட்டு அறைகளுக்கும் அதே நிலைதான். ஆவணக் காப்பகத்தில்கூட அவர்களைப் பற்றி ஒரு வரி இருக்காது.

வீட்டில் வைத்துச் சமாளிக்க முடியாதபோது அடுத்த இடம் கோயிலோ தர்காவோதான். காஞ்சி பக்கத்து ஆட்கள் சோளிங்கர் ஆஞ்சநேயர் மலைக்கு அழைத்துப் போவார்கள். திருச்சி பக்கம் குணசீலம், தெற்கே ஏர்வாடி. நம்பிக்கையோடு போகிறவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், அந்த நம்பிக்கையைச் சுற்றி முளைத்த காப்பகங்கள் என்ன செய்தன என்பதை 2001 ஆகஸ்ட் 6 காட்டியது. ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது உள்ளே இருந்தவர்கள் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் இறந்தனர். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது.

தறி வீட்டில் இது எப்படி நடக்கும்?

பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவுக் குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். குழித்தறி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. கணவர் தறியில் உட்காருகிறார். மனைவி தார் சுற்றுகிறார், பாவு வேலைக்குக் கை கொடுக்கிறார், கோர்வை போடும்போது எதிர்ப்பக்கம் உட்காருகிறார். ஒரு பட்டுச் சேலை இரண்டு பேர் உழைப்பில்தான் இறங்குகிறது. ஆனால், கூலி பெரும்பாலும் ஒருவர் பெயரில்தான் வரும். மனைவி செய்தது ‘கூடமாட ஒத்தாசை’.

இப்போது அந்தப் பெண்ணுக்கு இரண்டாவது பிரசவம் முடிந்து தூக்கம் போய்விட்டது. காரணமில்லாமல் அழுகிறார். அல்லது நோய் எதுவும் இல்லை. அடகு வைத்த தன் நகையை மீட்டுத் தரச் சொல்லி தினமும் சண்டை போடுகிறார். அல்லது அம்மா வீட்டுச் சொத்தில் பங்கு கேட்கக் கூடாது என்பதற்கு எதிர்த்துப் பேசுகிறார். முதலாவது பெண்ணுக்கு வைத்தியம் தேவை. மற்ற இரண்டு பேருக்கும் தேவைப்படுவது நியாயம். ஆனால், வீடு மூன்று பேருக்கும் கொடுக்கிற பெயர் ஒன்றுதான்: “அவளுக்குப் புத்தி சரியில்லீங்க.”

இந்தப் பெயருக்கு விலை உண்டு. இந்து திருமணச் சட்டப்படி தீராத மனநோய் விவாகரத்துக்கு ஒரு காரணம். அதனால், ஒரு மருத்துவச் சீட்டும் காப்பகத்தில் இருந்ததற்கான ரசீதும் வழக்கில் ஆயுதமாகிவிடும். வெறும் நோயின் பெயர் மட்டும் போதாது, சேர்ந்து வாழவே முடியாத அளவுக்கு நோய் கடுமையாக இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1988-லேயே ராம் நாராயண் குப்தா வழக்கில் சொல்லிவிட்டது. ஆனால், நீதிமன்றம் வரை போய் வாதாடுகிற தெம்பும் பணமும் எத்தனை பேருக்கு இருக்கும்?

இன்றைய சட்டம் என்ன சொல்கிறது?

2017-ம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே 29 முதல் அமலில் இருக்கிறது. எலிசபெத் பக்கார்டு படித்திருந்தால் நம்ப மாட்டார், அவ்வளவு தெளிவான சட்டம். பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை:

* குடும்பமோ ஊரோ ஏற்றுக்கொண்ட ஒழுக்கம், பண்பாடு, மதம் ஆகியவற்றுக்கு ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து ஒருவருக்கு மனநோய் என்று முடிவு செய்யக் கூடாது. முன்பு எப்போதோ சிகிச்சை எடுத்தார் என்பது மட்டும் இப்போதைய நோய்க்கு ஆதாரம் ஆகாது.

* தானாக முடிவெடுக்க முடியாத அளவு நோய் கடுமையாக இருந்தால் மட்டுமே ஒருவரை அவர் சம்மதம் இல்லாமல் சேர்க்கலாம். மனநல மருத்துவர் ஒருவரும் தகுதியுள்ள இன்னொருவரும் தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும். அதிகபட்சம் 30 நாள். அதற்கு மேல் போனால் மனநல ஆய்வு வாரியத்தின் அனுமதி வேண்டும்.

* அப்படிச் சேர்க்கப்பட்டவர் பெண் என்றால், 3 நாட்களுக்குள் வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். ஆண்களுக்கு இது 7 நாள். பெண்கள் எளிதில் அடைக்கப்படுகிறார்கள் என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்ட இடம் இது. சேர்த்தது தவறு என்று வாரியத்திடம் முறையிடும் உரிமையும் அந்தப் பெண்ணுக்கு உண்டு.

* நோயாளியைச் சங்கிலியால் கட்டக் கூடாது, எந்த வடிவத்திலும்.

* ‘வீட்டுல சேர்த்துக்க மாட்டேங்கறாங்க’ என்ற ஒரே காரணத்துக்காக யாரையும் மருத்துவமனையில் தொடர்ந்து வைத்திருக்கக் கூடாது.

* நீதிமன்றத்தில் ஒரு தரப்பு மனநோய்க்கு ஆதாரம் காட்டி, எதிர்த்தரப்பு அதை மறுத்தால், நீதிமன்றம் அதை வாரியத்தின் ஆய்வுக்கு அனுப்ப வேண்டும்.

* எல்லாவற்றையும்விட முக்கியமானது: தனக்கு உடம்பு முடியாமல் போனால் தன் சார்பில் யார் பேச வேண்டும் என்பதை ஒரு பெண் முன்கூட்டியே நியமிக்கலாம். அவர் கணவராகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. அக்காவாக இருக்கலாம், தோழியாக இருக்கலாம். இதற்கு முத்திரைத்தாள் வேண்டாம், வக்கீல் வேண்டாம். வெள்ளைத் தாளில் எழுதி, கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் போதும்.

பிறகு ஏன் பிரச்சினை?

முதல் காரணம், இந்தச் சட்டம் பதிவு செய்த மருத்துவமனைகளில்தான் ஓரளவு வேலை செய்கிறது. பதிவில்லாத ‘இல்லங்கள்’ பக்கம் அது எட்டிப் பார்ப்பதில்லை. 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் உரிய உரிமம் இல்லாமல் நடந்த ஓர் ஆசிரமத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டனர். பெண்கள் மீதான வன்கொடுமைப் புகார்கள் எழுந்து, வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. ஏர்வாடிக்கு 22 ஆண்டு கழித்தும் அப்படி ஓர் இடம் நடந்திருக்கிறது.

இரண்டாவது காரணம், குணமானவர்கள் திரும்ப வீடு இல்லை. 2014-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு இந்தியாவின் ஆறு நகரங்களில் 24 இடங்களுக்குச் சென்று அறிக்கை கொடுத்தது. குடும்பமோ போலீஸோ சம்மதமில்லாமல் கொண்டுவந்து விட்ட பெண்கள், வெளியே போக வழியின்றிக் கிடப்பதை அது பதிவு செய்தது. குணமானவர்களை மகாராஷ்டிர அரசு பிச்சைக்காரர் இல்லங்களுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் மாற்றியபோது, 2019-ல் உச்ச நீதிமன்றம் தலையிட்டு அதை நிறுத்தச் சொன்னது. ஒரு ஆண் குணமாகி வந்தால், “ஏதோ கெட்ட நேரம், போயிடுச்சு” என்று ஏற்றுக்கொள்கிற வீடு, பெண் வந்தால் கதவைத் திறக்கத் தயங்குகிறது. பல நேரம் அவள் இடத்தில் இன்னொருத்தி வந்திருப்பாள்.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. 1993-ல் சென்னையில் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் இருவரும் தொடங்கிய ‘தி பான்யன்’ அமைப்பு, வீதியில் கிடந்த பெண்களை மீட்டுச் சிகிச்சை கொடுத்து வீடு சேர்த்தது. வீடு திரும்ப முடியாதவர்களை நான்கு சுவருக்குள் வைக்காமல், சாதாரணத் தெருவில் வாடகை வீடு எடுத்துச் சில பேராகச் சேர்ந்து வாழ வைக்கிற திட்டத்தையும் நடத்துகிறது. மளிகைக் கடைக்குப் போவார்கள், சமைப்பார்கள், சண்டையும் போட்டுக்கொள்வார்கள். மனுஷங்க வாழுற மாதிரி.

மருத்துவமனைக்கே போகக் கூடாதா?

இந்த இடத்தில் ஒரு நியாயமான எதிர்க்கேள்வி உண்டு. இப்படியெல்லாம் எழுதினால், உண்மையாகவே சிகிச்சை தேவைப்படுகிறவர்களும் பயந்து ஒதுங்கிவிட மாட்டார்களா?

கண்டிப்பாக அந்த ஆபத்து இருக்கிறது. வரலாற்றுப் புனைவுகள் பல நேரம் மருத்துவர்களை எல்லாம் வில்லன்களாகவும் உள்ளே இருக்கும் பெண்களை எல்லாம் நோயே இல்லாதவர்களாகவும் காட்டிவிடுகின்றன. நிஜத்தில் பிரசவத்துக்குப் பிந்தைய மனநோய் உண்டு, கடும் மனச்சோர்வு உண்டு, மனச்சிதைவு உண்டு. மருந்தால் குணமாகி, மறுபடி தறியில் உட்கார்ந்து, பிள்ளைகளைப் படிக்கவைத்த பெண்கள் ஏராளம். ‘தவறாக அடைக்கப்பட்டவள்’ என்றால் நோய் இல்லாதவள் என்று மட்டும் புரிந்துகொள்ளக் கூடாது. நோய் உள்ள பெண்ணையும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், தேவைக்கு மேல் ஒரு நாள் உள்ளே வைத்தாலும் அதுவும் தவறான அடைப்புதான்.

அதனால், பயப்பட வேண்டியது மருத்துவமனையைப் பார்த்து அல்ல. அந்தப் பெண்ணைத் தவிர மற்ற எல்லோரும் பேசி முடித்துவிடுகிற ஏற்பாட்டைப் பார்த்து.

செய்ய வேண்டியது என்ன?

மனநல ஆய்வு வாரியம் எங்கே இருக்கிறது, அதற்கு எப்படி மனு போடுவது என்பதை ஒவ்வொரு மனநல மருத்துவமனை வாசலிலும் பெண்கள் வார்டிலும் எளிய தமிழில் எழுதி வைக்க வேண்டும். பதிவில்லாத இல்லங்களைத் தீ விபத்துக்குப் பிறகு தேடாமல், முன்பே கணக்கெடுக்க வேண்டும். நெசவாளர் கூட்டுறவுச் சங்கமும் மகளிர் சுய உதவிக்குழுவும் கடன் படிவம் நிரப்பச் சொல்லித் தருவதுபோல, அந்த வெள்ளைத் தாள் நியமனத்தையும் சொல்லித் தரலாம். செலவு ஒரு பேனாதான்.

தெரிந்துவைத்துக்கொள்ள சில எண்களும் உண்டு. பெண்களுக்கான உதவி 181. மனநல ஆலோசனைக்கு 14416. இலவசச் சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கும் மனநல மருத்துவமனையில் இருப்பவர்களுக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசச் சட்ட உதவி கிடைக்கும்.

எழுதுகிறவர்களுக்கும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. தமிழ் வரலாற்றுப் புனைவு அரண்மனைச் சதிகளை நிறையச் சொல்லிவிட்டது. 1871-ல் கீழ்ப்பாக்கத்தின் வாசலைத் தாண்டிய முதல் பெண்களையும், பின்கட்டு அறையில் தட்டு மட்டும் உள்ளே தள்ளப்பட்டவர்களையும் இனிமேல்தான் எழுத வேண்டும். எழுதும்போது வில்லனைத் தேடி அலைய வேண்டாம். மனுவில் கையெழுத்து போட்டது யார், அதனால் யாருக்கு என்ன மிச்சம், அவளிடம் யாராவது கேட்டார்களா என்ற மூன்று கேள்வியைக் கேட்டால் கதை தானாக வரும்.

அதே மூன்று கேள்வியை, “அவளுக்குப் புத்தி சரியில்லீங்க” என்று யாராவது சொல்லும்போது பக்கத்து வீட்டுக்காரரும் மருத்துவரும் காவல் நிலையத்தில் எழுத்து வேலை பார்ப்பவரும் கேட்டாலே போதும். ‘கீழ்ப்பாக்கத்துல விட்டுடுவேன்’ என்று மிரட்டுகிறவர்களுக்கு அப்புறம் அவ்வளவு துணிச்சல் இருக்காது.